ஆர்ட் ஜர்னல்: ஒரிஜினலில் கை வைக்காதீர்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் மிக்ஸட் மீடியா ஜர்னல் செய்ய வருவார்கள். பெயிண்ட், துணித்துண்டு, பழைய டிக்கெட், மனதில் உள்ளதைச் சொல்லும் நாலு வரி, எல்லாம் ஒரே பக்கத்தில். போன மாதம் புதிதாக வந்த பெண், தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் போட்டோவை எடுத்து, பின்பக்கம் ஃபெவிகால் தடவப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிரஷ்ஷைக் கழுவுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் செய்கிற மற்ற தவறுகள் இதோ.

ஸ்கூல் நோட்டு

மெல்லிய தாள் ஈரம் பட்டதும் சுருளும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கனமான தாளாகக் கேட்டு வாங்கி, நீங்களே மடித்துத் தையுங்கள்.

ஒரிஜினலை ஒட்டுவது

அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போனவர். அவர் இறந்த வருஷம்தான் ஜர்னலைத் தொடங்கினேன். அவர் தனியாக நிற்கிற போட்டோ ஒன்றே ஒன்று இருந்தது: பின்னால் வலைக்குவியல், மடித்துக் கட்டிய லுங்கி. அதை ஒட்டி, சுற்றிலும் நீல அக்ரிலிக் அடித்து, பளபளப்புக்காக மேலே ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு. தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. நோட்டை மூடி, மேலே இரண்டு தடிப் புத்தகங்களை வைத்தேன். மே மாதம் வேறு.

இரண்டு வாரம் கழித்துப் பிரித்தபோது 'சர்ர்' என்று சத்தம். அப்பாவின் முகம் எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. இந்தப் பக்கம் மீசைக்கு மேலே வெறும் வெள்ளை. அம்மா பார்த்துவிட்டு, "இருந்தது ஒண்ணு, அதையும் இப்டிப் பண்ட்டியேடி" என்றாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்தக் காலத்துப் போட்டோவில் படம் இருப்பது தாளின் மேலுள்ள ஜெலட்டின் படலத்தில். ஈரம் பட்டால் அது ஊறி இளகும். அக்ரிலிக்கும் ஃபெவிகாலும் காய்ந்த பிறகும் சூட்டில் இளகும். அழுத்தி வைத்தால் எதிரில் இருப்பதைக் கவ்விக்கொள்ளும். கடல் காற்றடிக்கிற நம் பக்கத்தில், தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கு மேல்தோல் காய்ந்தது என்று மட்டுமே அர்த்தம். நாலைந்து நாள் திறந்தே வையுங்கள். பிறகும் பக்கங்களுக்கு நடுவில் பட்டர் பேப்பர் இருக்கட்டும்.

ஒட்டுவதற்கு லேசர் ஜெராக்ஸ் போதும். இங்க்ஜெட் பிரிண்ட் வேண்டாம், ஈரத்தில் மை கலங்கும்.

"ஒரிஜினல் ஒட்டுனாதான்க்கா ஃபீல் வரும்" என்பார்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சித்தி வீட்டுக் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அப்பா முகத்தைப் பெரிதாக்கி, பிற்பாடு ஜெராக்ஸ் எடுத்தேன். என்னைப் பத்தாவதோடு நிறுத்திய கோபத்தை அந்த நெற்றியின் மேலேயே பேனாவால் எழுதினேன், கிழித்தேன், திரும்ப ஒட்டினேன். ஒரிஜினலாக இருந்தால் கை வந்திருக்குமா?

அந்தப் பெண் அடுத்த வாரம் எட்டுக் காப்பியோடு வந்தாள். ஒன்றில் தாத்தாவுக்குக் கொம்பு முளைத்திருந்தது.

முதல் பக்கத்திலேயே பெரிய காயம்

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தினம் 15 நிமிடம் வீதம் நாலு நாள் தங்கள் மனக்காயத்தைப் பற்றி எழுதினார்கள். பின்வந்த மாதங்களில் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே டாக்டரிடம் போனார்கள். ஆனால் எழுதி முடித்த கையோடு மனம் கனத்துத்தான் இருந்தது. ஆகவே முதலில் பஸ்ஸில் வந்த எரிச்சலை எழுதுங்கள். பெரியதைத் தொடும்போது கடிகாரத்தை எதிரில் வையுங்கள், முடித்ததும் எழுந்து டீ போடப் போங்கள். நாள் கணக்கில் தூக்கம் கெட்டால் நோட்டு போதாது, கவுன்சிலரைப் பாருங்கள்.

செய்தித்தாள், மெஷின் டிக்கெட்

ஒன்று மஞ்சளாகும், இன்னொன்றில் எழுத்தே மறையும். இவற்றையும் ஜெராக்ஸ் எடுத்தே ஒட்டுங்கள்.

இன்ஸ்டாகிராம்

முதல் பத்துப் பக்கத்தை அதில் போட வேண்டாம்.