ஓ லெவல் தம்பி தங்கச்சிமாருக்கு: தினமும் எப்படி படிக்கிறதுன்னு ஆரம்பத்துல இருந்து

தவணை ரிப்போர்ட் வந்தவுடனே நம்ம பக்கம் நிறைய வீட்டுல ஒரே பேச்சுதான், "புள்ள எந்நேரமும் கொப்பியும் கையுமாத்தான் இருந்துச்சு, ஆனா மார்க்ஸ் வரலயே" னு. ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளை எங்க போனாலும் இதைக் கேக்கலாம். அந்திக்கு தோட்டத்து புள்ளைங்களோட உக்காந்து பாடம் பாக்குறவங்கிற முறையில சொல்றேன், அந்தப் புள்ள பொய் சொல்லல, நெசமாவே படிச்சிருக்கு, ஆனா படிச்ச முறையிலதான் பிழை இருக்கு. அந்த முறையை மாத்துறது எப்படின்னுதான் இங்க எழுதுறேன், தரம் 9, 10ல இருக்குறவங்க இப்பவே தொடங்கினா ரொம்ப நல்லது, 11ல ஓ லெவல் எக்ஸாம் எழுதப் போறவங்களா இருந்தாலும் பரவாயில்ல.

ஸ்டெப் 1: நேரத்தை முடிவு பண்ணுங்க

லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, படிக்கிறதுக்குன்னு தனி ரூம் கிடையாது, அது எல்லாருக்கும் தெரியும். அதனால இடத்தை விட நேரத்தைத்தான் நாம பிடிச்சுக்கணும். கொழுந்து பறிக்க மலைக்குப் போன அம்மா வந்து, சமையல் முடிஞ்சு, டீவி போடுறதுக்கு முந்தி ஒரு மணித்தியாலம் கிடைக்குமா, இல்ல விடியக்காலையில கிடைக்குமான்னு பாருங்க. எதுவா இருந்தாலும் தினமும் அதே நேரம். வீட்டுல வெளிப்படையா சொல்லிருங்க, "ஏழுல இருந்து எட்டு வரைக்கும் டீவி வேணாம்மா" னு. அதைக் கேட்டு மறுக்கிற அம்மா அப்பா குறைவு, நம்ம புள்ளைங்கதான் கேக்குறதே இல்ல. போன் அடுத்தவங்க கையில இருக்கட்டும்.

ராத்திரி முழுக்க முழிச்சுப் படிக்கிறதை விட்டுருங்க. 13ல இருந்து 18 வயசு வரைக்கும் 8 மணித்தியாலத்துக்குக் குறையாம தூங்கணும்னு டாக்டர்மார் சொல்றாங்க, படிச்சது மூளையில தங்குறதுக்கும் அந்தத் தூக்கம் வேணும்.

ஸ்டெப் 2: கொப்பியை மூடிட்டு எழுதுங்க

இதுதான் முக்கியம், மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் செய்யுங்க.

நம்ம புள்ளைங்க படிக்கிறதுன்னா என்ன செய்றாங்க, ஒரே பக்கத்தை நாலஞ்சு தடவை வாசிக்கிறாங்க, கலர் பேனையால கோடு போடுறாங்க. வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும், ஏன்னா எழுத்து கண்ணுக்கு முன்னால இருக்கு. எக்ஸாம்ல அது கண்ணுக்கு முன்னால இருக்காதே. 2006ல அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை சோதிச்சுப் பாத்தாங்க, ஒரு குரூப் பாடத்தை திரும்பத் திரும்ப வாசிச்சது, இன்னொரு குரூப் வாசிச்சிட்டு மூடி வச்சு ஞாபகத்துல இருந்து எழுதினது. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா வாசிச்சவங்க முன்னுக்கு, ஆனா ஒரு கிழமை கழிச்சு வச்சப்போ எழுதினவங்கதான் நல்லாவே முன்னுக்கு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்" னு கூடுதல் நம்பிக்கையோட சொன்னது வாசிச்ச குரூப்தான்.

எப்படி செய்றதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன். இன்னைக்கு வரலாறுல பெருந்தோட்டப் பயிர்ச்செய்கை நடந்துச்சுன்னு வைங்க. ஒரு தடவை நிதானமா வாசிங்க, மூடுங்க, ஒரு வெத்துத் தாள் எடுத்து ஞாபகம் வர்றதை எழுதுங்க. முதல்ல இவ்வளவுதான் வரும்: "1867, ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர தோட்டம், தேயிலை." அதுக்கு மேல பேனை ஓடாது. உடனே கொப்பியைத் திறக்காதீங்க, கொஞ்சம் யோசிங்க, தேயிலைக்கு முந்தி என்ன இருந்துச்சு? கோப்பிப் பயிர். அது ஏன் போச்சு? இங்கதான் நிறைய பேருக்கு தடுமாறும். இப்ப திறந்து பாருங்க, 1869ல இலையில வந்த பூஞ்சண நோய். அதை மட்டும் சிவப்புல எழுதுங்க. அந்த சிவப்பு எழுத்துதான் நாளைக்கு நீங்க படிக்க வேண்டியது, தெரிஞ்சதை மறுபடி படிச்சு நேரத்தைப் போக்கத் தேவையில்ல.

அடுத்த நாள் ஒரு தடவை, பிறகு ஒரு கிழமையில ஒரு தடவை, தவணை முடியிறதுக்குள்ள இன்னொரு தடவை அதே மாதிரி மூடி எழுதுங்க. ஆரம்பத்துல கஷ்டமா இருக்கும், ஒன்னுமே தெரியலன்னு மனசு விட்டுப் போகும், அந்தக் கஷ்டம் வந்தாத்தான் மூளை வேலை செய்யுதுன்னு அர்த்தம், அதனால விட்டுறாதீங்க.

ஸ்டெப் 3: மேத்ஸுக்கு ஒரு பிழைக் கொப்பி

"எனக்கு மேத்ஸ் வராது" ன்னு சொல்ற புள்ளையோட கொப்பியைப் பாத்தா முக்காவாசி நேரம் ஒரே பிழைதான் திரும்பத் திரும்ப இருக்கும். அட்சரகணிதத்துல அடைப்புக்கு வெளியில மைனஸ் 3, உள்ள எக்ஸ் மைனஸ் 4 இருக்கும், பெருக்கி மைனஸ் 12ன்னு எழுதிருவாங்க. மைனஸை மைனஸால பெருக்கினா பிளஸ், அதனால பிளஸ் 12. இந்த ஒரு அடையாளம் பிழைச்சதால முழுக் கணக்கும் போயிரும், புள்ள தனக்கு மூளை இல்லன்னு நினைச்சுக்கும். அப்படியில்ல, ஒரு இடத்துல சறுக்குது, அவ்வளவுதான்.

பழைய கொப்பியில மிச்சமிருக்கிற தாளே போதும். பிழைச்ச கணக்கு, எந்த வரியில பிழைச்சது, ஏன்னு ஒரு வசனம். ரெண்டு கிழமை எழுதினா உங்க பிழை எதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்.

ஸ்டெப் 4: வெக்கப்படாம கேளுங்க, ஸ்கூலுக்கு கட் அடிக்காதீங்க

விளங்கலன்னா பாடம் முடிஞ்சு டீச்சர் வெளியில போறப்போ கேக்கலாம். "டீச்சர் எனக்கு ஒன்னுமே விளங்கல" ன்னு சொல்லாம, "இந்த மூணாவது வரி எப்படி வந்துச்சுங்க டீச்சர்" னு கேளுங்க, அப்படிக் கேட்டா அவங்களுக்கும் சொல்லித் தர்றது லேசு.

மழைக்காலத்துல, தூரத்து டிவிஷன்ல இருந்து நடந்து வர்ற புள்ளைங்களுக்கு சில நாள் வரவே ஏலாது, அது விளங்குது. ஆனா தேர்த் திருவிழா, கல்யாண வீடு, சும்மா ஒரு சோம்பல்னு போற நாளும் நிறைய. வராத அன்னைக்கே கூட்டாளிகிட்ட கொப்பி வாங்கி எழுதிருங்க, ஒரு பாடம் விட்டா அடுத்ததும் விளங்காது.

"நமக்கெல்லாம் கம்பஸ் எங்க" ங்கிற பேச்சு வீட்டுல வந்தா இதைச் சொல்லுங்க. கம்பஸ்ல, அதாவது யுனிவர்சிட்டியில, ஆர்ட்ஸ் தவிர அநேகமான பாடநெறிக்கு உள்ள இடத்துல 40 வீதம்தான் தீவு முழுக்க மார்க்ஸ் வரிசைப்படி (மெரிட்), 55 வீதம் மாவட்ட அடிப்படையில, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டத்துக்கு, அதுல நுவரெலியாவும் பதுளையும் இருக்கு. நம்ம மாவட்டத்துக்குன்னு ஒதுக்கின இடம் இருக்கு, அதுக்கு நம்ம புள்ளைங்க ஏ லெவல்ல மேத்ஸ், சயன்ஸ் எடுத்து வரணும், அது ஓ லெவல்லதான் தொடங்குது.

ஸ்டெப் 5: பாஸ்ட் பேப்பர், நேரம் வச்சு

பாடம் பாதி முடிஞ்சாலே தொடங்கலாம். சயன்ஸ் முதல் பேப்பர் 40 எம்சிகியூ (விடையைத் தெரிவு செய்ற கேள்வி), 1 மணித்தியாலம், அப்போ ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷம். மணிக்கூட்டை முன்னால வச்சு, யார்கிட்டயும் கேக்காம, விடையைப் பாக்காம செய்யுங்க. முடிச்சிட்டு மார்க்கிங் ஸ்கீமோட ஒப்பிட்டுப் பாத்து, பிழைச்சதை அந்தப் பிழைக் கொப்பிக்கே கொண்டு போங்க. விடையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு பேப்பர் செஞ்சு "30 மார்க்ஸ் எடுத்தேன்" ன்னு சொல்றதுல எந்தப் பிரயோசனமும் இல்ல.

பேப்பர் பரீட்சைத் திணைக்கள வெப்சைட்ல இருக்கு, கல்வி அமைச்சோட ஈ-தக்சலாவ சைட்லயும் பாடங்கள் இருக்கு. டேட்டா இருக்குற ஒருத்தர் டவுன்லோட் பண்ணி, டவுன்ல ஒரு பிரதி பிரின்ட் எடுத்தா அஞ்சாறு பேர் மாத்தி மாத்தி செய்யலாம், பேப்பர்ல எழுதாம விடையைத் தனித் தாள்ல எழுதுங்க. பிரின்ட் எடுக்க முந்தி தமிழ் மீடியம் பேப்பரா, இப்ப உள்ள பாடத்திட்டத்துக்கு உரியதான்னு ஒரு தடவை டீச்சர்கிட்ட காட்டிருங்க.