வகுப்பறைக் கணினியில் தமிழ் ஸ்லைடு சிதைந்தால்

வீட்டில் சரியாகத் தெரிந்த பவர்பாயின்ட், பள்ளிப் புரொஜெக்டரில் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தது. மெய்யெழுத்துப் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் துப்பு: ஸ்லைடு பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அதற்குத் தமிழ் உருவம் தருவது எழுத்துரு மட்டுமே. அந்தக் கணினியில் அது இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும்.

பாமினியை ஒவ்வொரு கணினியிலும் நிறுவுவது தற்காலிக ஒட்டுதான். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு உள்ள பொதுத் தரமான யூனிகோடுக்கு மாற்றுவதே சரி. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மாற்று மென்பொருளில் பாமினியிலிருந்து யூனிகோடு என்று தேர்ந்தெடுத்து, பத்தி பத்தியாக மாற்றுங்கள். முழு ஸ்லைடையும் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம்: இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் வேதியியல் வாய்பாடுகளும் உளறலாகிவிடும். மாற்றியதை ஒட்டிய பிறகு எழுத்துருவை நிர்மலா யுஐ ஆக்குங்கள். பலரும் மறப்பது இதைத்தான். விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது; விண்டோஸ் 7 என்றால் லதா.

அலங்கார யூனிகோடு எழுத்துரு வேண்டுமென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் எழுத்துருவைக் கோப்போடு பதிக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். அங்கேயே திருத்தவும் வேண்டுமானால் எல்லா எழுத்துகளையும் பதிக்கும் தேர்வு. கோப்பு பெரிதாகும், பரவாயில்லை.

பென்டிரைவில் ஒரு பிடிஎஃப் பிரதியும் இருக்கட்டும். அனிமேஷன் போய்விடும், ஆனால் பாடம் நிற்காது. எழுத்தளவு 28க்குக் கீழே வேண்டாம். கடைசி பெஞ்சில் கொம்பும் காலும் குழம்பும்.