கெய்ரோவில் காத்திருக்கும் வாரங்கள்: அகழாய்வுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே என்று ஒரு பழைய துறைமுகம் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மன்னர் இரண்டாம் தாலமி தன் தாயின் பெயரில் நிறுவிய ஊர். 1995இல் அங்கே கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ்பிராமி எழுத்தில் 'கொறபூமான்' என்ற பெயர் இருந்தது. வாசித்துச் சொன்னவர் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். அதே ஊரில், செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றுக்குள் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. தொல்லியல் படிக்கிற தமிழ்ப் பிள்ளை எவருக்கும் இதைப் படித்ததும் அங்கே போய்க் குழியில் இறங்க வேண்டும் என்று ஆசை வரும். எனக்கும் வந்தது.

ஆனால் சூயஸுக்குத் தெற்கே 800 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிற அந்த மாதிரி இடங்களுக்கு நேரே போய்விட முடியாது. முதலில் கெய்ரோ. அனுமதி, சாமான், மொழி, உடம்பு எல்லாம் அங்கேதான் தயாராக வேண்டும். நான் இரண்டு மாதம் இருந்தேன். அந்த நாட்களைச் சும்மா காத்திருக்கும் காலம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். எகிப்தில் அகழாய்வுக் குழுவின் ஒவ்வோர் உறுப்பினர் பெயரும் பல மாதங்களுக்கு முன்பே தொல்பொருள் துறைக்குப் போய், பாதுகாப்புச் சரிபார்ப்பு முடிந்து வர வேண்டும். நம் ஆட்களுக்கு இன்ஷியல் பழக்கம். ஒரு படிவத்தில் இன்ஷியலோடு எழுதுவோம், இன்னொன்றில் அப்பா பெயரை விரித்து எழுதுவோம், பயணச்சீட்டில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான், படிவம் பார்ப்பவருக்கு மூன்று ஆள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவருக்கு இதனாலேயே அனுமதி தாமதமாகி, குழு கிளம்பிப் போன பிறகும் அவர் கெய்ரோவில் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஓர் எழுத்து மாறாமல், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். விளக்கிச் சொல்ல வேண்டி வந்தால் கவலைப்பட வேண்டாம். எகிப்தியர்களுக்கும் தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று மூன்றும் சேர்ந்ததுதான் முழுப்பெயர். "இது என் அப்பா பெயர்" என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டுக் குடைய மாட்டார்கள்.

அடுத்தது எண்கள். மொழியைக் கற்கத் தொடங்கும் பலர் எண்களைத் தள்ளிப்போடுகிறார்கள். எண்ணைத்தான் முதல் வாரமே கற்க வேண்டும். டொக்கி என்ற பகுதியில் ஒரு காய்கறிக் கடையில் தக்காளிப் பெட்டிக்குள் அட்டைத் துண்டு ஒன்று செருகியிருந்தது. எழுபது என்று வாசித்து எழுபது பவுண்டு கொடுத்தேன். கடைக்காரர் ஐந்து பவுண்டைத் திருப்பித் தந்து, அட்டையில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக் காட்டினார். அங்கே எழுதும் ஆறு நம் கண்ணுக்கு ஏழு போலத் தெரியும். ஐந்து வெறும் வட்டம், பூஜ்யம் போல. அசல் பூஜ்யம் ஒரு சின்னப் புள்ளிதான். ஆக அறுபத்தைந்து எழுபதாகிவிடும். எழுத்து வலமிருந்து இடம் ஓடினாலும் எண்ணை மட்டும் நம்மைப் போலவே இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும்.

கடையில் ஐந்து பவுண்டோடு போயிற்று. களத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு குழுவோடும் அரசின் ஆய்வாளர் ஒருவர் இருப்பார், முஃபத்திஷ் என்பார்கள். கிடைத்த பொருட்களை அவர் பதிவேட்டில் அரபியில் எழுதும்போது குழி எண்ணையும் மண் அடுக்கின் எண்ணையும் நம் குறிப்போடு ஒப்பிட வேண்டும். அங்கே 65ஆம் அடுக்கு 70 ஆகிவிட்டால் அந்தப் பானை ஓடு எந்தக் காலத்தது என்பதே மாறிப்போகும். பேருந்து எண், கார் எண் பலகை, கடை அட்டை என்று தெருவெல்லாம் இலவசப் பாடம் கிடக்கிறது. நடக்கும்போதெல்லாம் வாசித்துப் பழகுங்கள்.

பேச்சிலும் இதே போல ஒரு தவறு உண்டு. புத்தக அரபியைப் படித்துவிட்டு வருவார்கள். செய்தி கேட்க அது உதவும். தோண்டும் இடத்தில் பேசுவது எகிப்தியப் பேச்சு வழக்கு. புத்தகத்தில் 'ஜ' என்று இருப்பதைக் கெய்ரோவில் 'க' என்று அழுத்திச் சொல்வார்கள்; ஒட்டகத்துக்கு ஜமல் அல்ல, கமல். மண்வெட்டிக்கு தூரியா, நம் கையில் இருக்கும் சின்னக் கொத்தனார் கரண்டிக்கு மஸ்தரீன், மெதுவாக என்பதற்கு ஷ்வய்யா ஷ்வய்யா. இந்த மூன்றும் தெரியாமல் முதல் நாள் குழிக்குப் போகாதீர்கள். எகிப்தில் பல அகழாய்வுகளில் வேலையாட்களுக்குத் தலைவராக இருக்கும் ரெயிஸ், குஃப்த் என்ற ஊர்க்காரராக இருப்பார். 1893-94இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அந்த ஊரில் தோண்டியபோது பழகிய கைகள், தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. பெரனிகேவில் இறங்கிய சரக்கு பாலைவனம் கடந்து நைல் நதியைச் சேர்ந்த இடமும் அதே குஃப்த்தான். பழைய பெயர் கோப்டோஸ். மண்ணின் நிறம் மாறுவதை நமக்கு முன்னால் பார்க்கிறவர் ரெயிஸ்தான். அவர் சொல்வது புரியாவிட்டால் இழப்பு நமக்குத்தான்.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவம் சாப்பிடுபவர்கள் "லஹ்மா வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். தட்டில் கோழி வரும். லஹ்மா என்றால் அவர்களுக்கு ஆடு, மாடுதான். கோழி அந்தக் கணக்கில் வராது. "சியாமி" என்று கேளுங்கள். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் நோன்பு நாட்களில் சாப்பிடும் உணவுக்கு அந்தப் பெயர். இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேராது. காலையில் ஃபூல் என்ற அவரைப் பருப்பு மசியலும் ரொட்டியும், மதியம் அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் கலந்து வறுத்த வெங்காயம் தூவிய கொஷரியும் போதும். களத்திலும் பெரும்பாலும் பருப்பும் ரொட்டியும்தான் என்பதால், நம் ஊர்ச் சாப்பாடு இல்லாமல் உடம்பைப் பழக்க இதுவே நேரம். ஊர் ஞாபகத்தில் தினமும் அறையில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பாலைவனத்தில் முதல் வாரம் வயிறு ஒத்துழைக்கவில்லை.

மருந்துப் பை விஷயத்தில் அலட்சியமே கூடாது. வலிக்கு நம் ஊரில் எழுதித் தரும் மாத்திரைகள் சிலவற்றில் டிராமடால் இருக்கும். எகிப்தில் அது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து; விமான நிலையத்தில் பிடிபட்டால் சிறை வரை போகும். அட்டையைத் திருப்பி உள்ளடக்கத்தை வாசித்த பிறகே பெட்டியில் வையுங்கள். டிரோனும் அப்படித்தான், 2017இல் வந்த சட்டப்படி அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். மேலிருந்து படம் எடுக்கலாம் என்று ஆசையாகக் கொண்டுவராதீர்கள். அப்புறம் அந்த மஸ்தரீன், அதாவது கொத்தனார் கரண்டி: கையில் எடுத்துச் செல்லும் பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே பறிபோகும்.

பணத்தில் பெரிய நோட்டு உதவாது. சில்லறைக்கு ஃபக்கா என்று பெயர். கடைக்காரர், ஓட்டுநர் எல்லோருக்கும் ஃபக்கா தட்டுப்பாடுதான். தினமும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், களத்தில் ஏடிஎம் கிடையாது. அலுவலக வேலை இருந்தால் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது, வெள்ளியும் சனியும் விடுமுறை. ரமலான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்து இப்போது குளிர்கால அகழாய்வுப் பருவத்துக்குள் வந்துவிட்டது. அந்த மாதம் அலுவலக நேரம் குறையும், களத்திலும் வேலை நேரம் மாறும். நாட்காட்டியைப் பார்க்காமல் திட்டம் போடுபவர்கள் ஒரு கையெழுத்துக்காக ஒரு வாரம் அலைவார்கள்.

ஆய்வு மாணவர்கள் செய்யும் தவறு ஒன்று எனக்கு மனக்கஷ்டம் தருவது. "ஓடுகளைக் கொஞ்சம் ஊருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிக்கலாம்" என்ற எண்ணத்தில் ஆய்வேட்டையே திட்டமிட்டு வருகிறார்கள். 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டப்படி தொல்பொருள் எகிப்தின் சொத்து. கையளவு ஓடு, ஒரு மிளகு கூட வெளியே போகாது. ஆகவே எந்தப் பரிசோதனையை எகிப்துக்குள்ளேயே செய்ய முடியும், எதைக் களத்திலேயே அளந்து, வரைந்து, படமெடுத்து முடிக்க வேண்டும் என்று கெய்ரோவிலேயே தீர்மானியுங்கள். பிரெஞ்சுக் கீழைத் தொல்லியல் நிறுவனம் கெய்ரோவின் முனீரா பகுதியில் இருக்கிறது. 1880இல் தொடங்கியது, அருமையான நூலகம். ஸமாலெக் பகுதியில் நெதர்லாந்து-ஃபிளெமிஷ் நிறுவனம். பிரமிடை ஒரு நாள் பாருங்கள், சரி. மற்ற நாட்களில் இந்த நூலகங்களில் பழைய அகழாய்வு அறிக்கைகளின் பானை ஓட்டு வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து நீங்களும் வரையுங்கள். விளிம்பு ஒன்றைப் பார்த்ததும் இது சாடியா, கிண்ணமா என்று கை சொல்ல வேண்டும்.

கடைசியாகத் துணி. பாலைவனம் என்றால் வெயில் என்று நம்பி பருத்திச் சட்டைகளோடு மட்டும் கிளம்பாதீர்கள். செங்கடல் கரையில் ஜனவரி இரவில் வடக்கிலிருந்து விடாமல் காற்று அடிக்கும். மணலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு கூடாரத்துக்குள் வரும். கெய்ரோவில் வெகாலத் அல்-பலஹ் என்று, பழைய துணிகள் விற்கும் சந்தை ஒன்று இருக்கிறது. கம்பளிச் சட்டையும் காதை மூடும் துண்டும் அங்கே மலிவு. விலை அட்டையை நீங்களே வாசித்து, சில்லறையாக எண்ணிக் கொடுத்து வாங்கி வாருங்கள்.