டர்பனில் கார் வாங்கியாச்சு, டாஷ்கேம் வேண்டுமா?

வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ புதிதாக வரும் நம்மவர்கள், கார் வாங்கிய கையோடு, யூடியூபில் இந்த ஊர்க் கார் கடத்தல் வீடியோக்களையெல்லாம் பார்த்துப் பயந்துபோய், "அண்ணே, எந்த டாஷ்கேம் நல்லது?" என்று கேட்பார்கள். முன் கண்ணாடியில் மாட்டி, ரோட்டில் நடப்பதை வீடியோ எடுத்துக்கொண்டே வரும் குட்டிக் கேமராதான் டாஷ்கேம். எது நல்லது என்பதை அப்புறம் பார்ப்போம். அது எதற்கு உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருட்டை அது தடுக்காது. ரோபாட்டில் நிற்கும்போது (டிராஃபிக் சிக்னலை இங்கே எல்லோரும் ரோபாட் என்றுதான் சொல்வார்கள், "அடுத்த ரோபாட்டில் இடது பக்கம் திரும்பு" என்று யாராவது வழி சொன்னால் இயந்திர மனிதனைத் தேடாதீர்கள்) கண்ணாடியை உடைத்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் கேமராவைப் பார்த்து வெட்கப்படப் போவதில்லை. அதற்கு ஜன்னலில் ஒட்டும் ஸ்மாஷ் அண்ட் கிராப் ஃபிலிம் இருக்கிறது, பையை டிக்கியில் போடும் பழக்கம் அதைவிட மலிவு. வண்டியையே ஓட்டிக்கொண்டு போய்விட்டால் கண்டுபிடிக்க, அது இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர்தான் வேண்டும், கேமராவும் வண்டியோடு சேர்ந்து போய்விடும். அதனால் என்னைக் கேட்டால் கையிலிருக்கும் பணத்தை முதலில் முழு இன்சூரன்ஸுக்கும், அடுத்து டிராக்கருக்கும் ஃபிலிமுக்கும் போடுங்கள். மிச்சமிருந்தால் டாஷ்கேம்.

இன்சூரன்ஸை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், ஊரில் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கச் சட்டம் விடாது, இங்கே அப்படி ஒரு கட்டாயமே கிடையாது. பேங்க் கடனில் வாங்கியிருந்தால் பேங்க் கேட்கும், ரொக்கத்துக்கு வாங்கினவரை யாரும் கேட்கமாட்டார்கள். பெட்ரோல் போடும்போது லிட்டருக்கு இரண்டு ராண்டுக்கு மேல் ரோட் ஆக்சிடென்ட் ஃபண்டுக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் அந்த நிதி ஆளுக்குப் பட்ட காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான் ஈடு தரும், நசுங்கிய பம்பருக்கு ஒரு சென்ட்கூடத் தராது. ஆக, உங்களை இடித்தவரிடம் இன்சூரன்ஸும் இல்லை, பணமும் இல்லை என்றால், வீடியோவில் அவர் தப்பு எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் காசு பெயராது. கையில் கொஞ்சம் பணம் இருக்கிற ஆள் என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் ஒன்று இருக்கிறது, 2019இல் அதன் வரம்பை 20,000 ராண்டாக உயர்த்தினார்கள், வக்கீல் இல்லாமல் நீங்களே போய்ப் பேச வேண்டும், அங்கே வீடியோ இருந்தால் பெரிய பலம்.

சரி, எனக்கு எப்படி இந்த ஞானம் வந்தது என்று கேட்டால், ஒரு பக்கியால் வந்தது. திட்டவில்லை, பின்பக்கம் சாமான் ஏற்றும் பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர், வந்த புதிதில் ஆபீஸில் ஒருவர் "எனக்கு ஒரு பக்கி இருக்கிறது" என்று சொன்னதும் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டர்பனில் ஓவர்போர்ட் பக்கம் மேட்டில் ரோபாட் பச்சை விழுந்தது, முன்னால் நின்ற பக்கி கிளம்பாமல் பின்னால் உருண்டு வந்து என் காரின் மூக்கில் மோதியது, இறங்கி வந்தவர் நான் பின்னாலிருந்து இடித்ததாகச் சத்தம் போட்டார். சாட்சி யாரும் நிற்கவில்லை. பின்னால் இருப்பவன்தான் இடைவெளி விடவில்லை என்பது எல்லோருடைய முதல் எண்ணம், இன்சூரன்ஸ்காரர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள், எக்ஸஸ் என் பையிலிருந்து போனது. கிளெய்மில் நம் பங்காகக் கட்ட வேண்டிய தொகைதான் எக்ஸஸ், பாலிசி எடுக்கும்போது மாத பிரீமியத்தை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த மாதமே கேமரா வாங்கினேன்.

வாங்கிய பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும் இல்லையா. கரண்ட் போய் ரோபாட் அணைந்து கிடந்தால் அந்தச் சந்திப்பு ஃபோர்வே ஸ்டாப் மாதிரி, யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போகலாம். நம் ஊர் மாதிரி ஹாரன் அடித்து மூக்கை நுழைக்கும் கதை இங்கே நடக்காது, மினிபஸ் டாக்ஸிகளைத் தவிர. அப்படி ஒரு இடத்தில் நான் முதலில் வந்தேன் என்று கிளம்பினேன், குறுக்கே வந்த காரின் கதவில் உரசிவிட்டது. வீராப்பாக வீட்டுக்கு வந்து கேமராவின் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தால், அவர் நின்ற பிறகுதான் நான் நிற்கிறேன், அதுவும் முழுசாக நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டு தப்பை ஒத்துக்கொண்டேன். ஜிபிஎஸ் இருக்கும் கேமரா உங்கள் வேகத்தையும் வீடியோவிலேயே எழுதிவிடும், 120 எல்லையில் 140இல் போகிறவர் அந்த வீடியோவை அனுப்பும் முன் ஒரு தடவை யோசிக்கட்டும்.

இடித்துவிட்டு நிற்காமல் போகிறவர்களுக்குத்தான் கேமரா நிஜமாகவே வேண்டும். காயம் பட்டு ரோட் ஆக்சிடென்ட் ஃபண்டில் மனுப் போட, இடித்த வண்டி எது என்று தெரிந்தால் மூன்று வருஷம் அவகாசம், தெரியாவிட்டால் இரண்டே வருஷம். நம்பர் பிளேட் படத்தில் விழுந்ததா என்பதுதான் வித்தியாசம். இரவில் சாதாரண கேமராவில் அது சரியாக விழாது, அதனால் மைக்கை ஆன் செய்தே வைத்திருங்கள், நம்பரைப் பார்த்ததும் சத்தமாகப் படியுங்கள், குரல் பதிவாகிவிடும். இடித்த நொடியில் தமிழில் நீங்கள் உதிர்க்கும் வார்த்தைகளும் பதிவாகும், அது உங்கள் பாடு. லிஃப்ட் கிளப்பில் (ஒரே பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு காரில் சேர்ந்து போவது) ஆட்களை ஏற்றுகிறவர்கள் மைக் ஓடுவதை முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

இனி எதைப் பார்த்து வாங்குவது. டர்பன் வெயிலில் நிறுத்திய கார் அடுப்பு மாதிரி ஆகும், உள்ளே பேட்டரி வைத்த மலிவுக் கேமராக்கள் சூட்டில் உப்பிவிடும், பேட்டரிக்குப் பதில் சூடு தாங்கும் சூப்பர் கெபாசிட்டர் போட்டது என்று அட்டையில் எழுதியிருப்பதை வாங்குங்கள், 4கே மோகத்தைவிட இது முக்கியம். படத்துக்கு 1440பி தாராளம். கார்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அழித்து அழித்து எழுதும் வேலைக்கென்றே ஹை எண்டியூரன்ஸ் என்று விற்கும் கார்டு 128 ஜிபி போடுங்கள், மாதம் ஒருமுறை ஃபார்மேட் செய்யுங்கள். ஊரிலிருந்தே கேமரா கொண்டுவந்தால் கார் சாக்கெட்டில் பிரச்சினை இல்லாமல் ஓடும், ஆனால் நேரத்தை மாற்ற மறந்துவிடாதீர்கள், இந்திய நேரம் இங்கத்திய நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. போலீஸ் ரிப்போர்ட்டில் காலை பத்து, வீடியோவில் மதியம் ஒன்றரை என்றிருந்தால் யார் நம்புவார்கள்? அந்த ரிப்போர்ட்டையும் தள்ளிப் போடாதீர்கள், விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் கொடுத்து நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் முதலில் கேட்பது அதைத்தான்.

மாட்டும் இடம் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், பார்வையையும் லைசென்ஸ் டிஸ்கையும் (முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வண்டி லைசென்ஸ் வில்லை) மறைக்காமல். கையால் கழற்றி எடுக்கும் மவுன்ட் உள்ளதாகப் பாருங்கள், மாலில் நிறுத்தும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். உறிஞ்சி ஒட்டும் வகை கண்ணாடியில் வட்டத் தடம் விடும், அந்தத் தடத்தைப் பார்த்தே உள்ளே ஏதோ இருக்கிறது என்று உடைக்கிறவன் இருக்கிறான். இப்படிக் கழற்றுகிறவருக்கு, நிறுத்திய காரிலும் பதிவு செய்யும் பார்க்கிங் மோட் வீண்தான். ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து வயர் இழுத்துச் செய்வதானால் பேட்டரி இறங்கினால் தானே நிற்கும் கட் ஆஃப் இருக்கட்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

வீடியோவை அப்படியே குடியிருப்பு காம்ப்ளெக்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அடுத்தவர் முகமும் வண்டி நம்பரும் இருக்கும், தனிநபர் தகவலுக்கு இங்கே போபியா என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இன்சூரன்ஸுக்கும் போலீஸுக்கும் கொடுங்கள், போதும். கொடுப்பதற்கு முன் கார்டை எடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், அதே கார்டோடு ஓட்டிக்கொண்டிருந்தால் பழையதன் மேல் புதியது எழுதி அழித்துவிடும்.

டர்பனை ஒட்டிய உம்ஷ்லாங்காவில் வீடு, பக்கத்திலேயே ஆபீஸ் என்கிறவர்கள் அவசரப்படாமல் நவம்பர் பிளாக் ஃபிரைடே வரை காத்திருக்கலாம். என்3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வான் ரீனன் கணவாய் ஏறி அடிக்கடி ஜோகன்னஸ்பர்க் போய் வருகிறவர்கள் காத்திருக்க வேண்டாம், முன் பின் இரண்டு பக்கமும் கேமரா உள்ளதாகவே வாங்குங்கள். பொருத்தித் தருகிறவர் "ஜஸ்ட் நவ் வருகிறேன்" என்று சொன்னால் மட்டும் வாசலில் நிற்காதீர்கள். இந்த நாட்டில் அதற்கு அர்த்தம் 'அப்புறம் எப்போதாவது'. போய் ஒரு பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நிறைய நேரம் இருக்கும்.