நேதாஜிக்கு முன்னாடி சைக்கிள பத்தி கேளுங்க: தோட்டத்து பெரியவங்க கதைய ரெக்கார்ட் பண்றது எப்படி

எங்க ஊரு மலேசியாவுல இருக்கிற பந்திங். இங்க சுத்துவட்டாரத்துல பழைய ரப்பர் தோட்டத்து தொழிலாளிங்க வீட்டுக்கு போனா ஹால்ல சாமி படத்துக்கு பக்கத்துல நேதாஜி படம் இருக்கும், யாரு மாட்டுனது ஏன் மாட்டுனதுன்னு கேட்டா பேரப்பிள்ளைங்களுக்கு தெரியல. தோட்டம் வித்தாச்சு, தொழிலாளிங்க வரிசை வீடான லயத்த இடிச்சாச்சு, எல்லாரும் தாமான் (குடியிருப்பு பகுதி) வீட்டுக்கும் ஃபிளாட்டுக்கும் வந்தாச்சு, அந்த காலத்துல சின்ன பிள்ளையா இருந்தவங்களே இப்ப 90 தாண்டிட்டாங்க. அதனால தீபாவளிக்கு எல்லாரும் வருவாங்கல்ல அப்ப கேட்டுக்கலாம்னு தள்ளி போடாதீங்க, இந்த வாரமே போங்க.

மொதல்ல நான் செஞ்ச தப்ப சொல்லிடறேன். எங்க தாத்தாகிட்ட போயி "தாத்தா, நீங்க நேதாஜிய பாத்தீங்களா"ன்னு கேட்டேன். "தூரத்துல பாத்தேன்யா"ன்னாரு, அவ்ளோதான், கோப்பிய குடிச்சிட்டு படுக்க போயிட்டாரு. அவரு காலமானதுக்கு அப்புறம் கருமாதி வீட்டுல அவரு தங்கச்சி, எங்க சின்ன பாட்டி, வாசல்ல நிக்கிற சைக்கிள பாத்துட்டு தானா பேச ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு அப்ப ஆறு வயசு, அப்பாவோட சைக்கிள் பார்ல உக்காந்து வராங்க, எதிர்ல துரையோட, அதாவது தோட்டத்து வெள்ளக்கார மேனேஜரோட, காடி (காரு). உடனே பிள்ளைய எறக்கி, சைக்கிள ஓரத்துல நிறுத்தி, தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து கக்கத்துல வச்சிக்கிட்டு நிக்கணும். அன்னிக்கு அந்த துண்டு நழுவி சேத்துல விழுந்துருச்சு, துரை போற வரைக்கும் அவரு குனிஞ்சு எடுக்கல, காடி போனதுக்கு அப்புறமும் எடுக்காம அப்படியே சைக்கிள தள்ளிக்கிட்டு வந்துட்டாராம். "புது துண்டுடா அது"ன்னு பாட்டி ரெண்டு தடவ சொன்னாங்க.

அதனாலதான் சொல்றேன், நேதாஜிய கடைசியா கேளுங்க, சைக்கிள மொதல்ல கேளுங்க. 1941ல கிள்ளான் வட்டாரத்து தோட்டங்கள்ல பெரிய வேலை நிறுத்தம் நடந்துச்சு, அதுல தொழிலாளிங்க வச்ச கோரிக்கையில துரை முன்னாடியும் கிராணிமாரு (தோட்டத்து ஆபீஸ் கிளார்க்குங்க) முன்னாடியும் சைக்கிள விட்டு எறங்க மாட்டோம்னு ஒன்னு இருந்துச்சு. சீன தொழிலாளிக்கு குடுக்கிற கூலி எங்களுக்கும் வேணும், பிள்ளைங்களுக்கு ஒழுங்கான படிப்பு வேணும், எங்க பொம்பளைங்க மேல கைய வைக்கக்கூடாது, கள்ளுக்கடைய மூடணும், சொந்தக்காரங்க லயத்துக்கு வந்து போக விடணும், இதெல்லாம்தான் அவங்க கேட்டது. தலைவரா இருந்த ஆர். எச். நாதன அந்த வருஷம் மே மாசம் புடிச்சு உள்ள போட்டாங்க, போராட்டம் இன்னும் பெருசாச்சு, வெள்ளக்கார அரசாங்கம் எறக்குன பட்டாளம் சுட்டுச்சு, ஆளுங்க செத்தாங்க, நாதன இந்தியாவுக்கு நாடு கடத்திட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு நேதாஜி வந்து இந்திய தேசிய ராணுவத்துல சேர கூப்பிட்டப்ப தோட்டத்து ஜனங்க ஏன் அப்படி எழுந்து போனாங்கன்னு கேக்குறவங்க இத தெரிஞ்சுக்காம கேக்குறாங்க. அந்த கோவம் ஏற்கனவே லயத்துல இருந்துச்சு.

பெரியவங்க வருஷம் சொல்ல மாட்டாங்க, "வெள்ளக்காரன் காலம்", "ஜப்பான்காரன் காலம்"னுதான் சொல்வாங்க, நீங்கதான் பக்கத்துல ஒரு தாள்ல வரிசைய எழுதி வச்சிக்கணும். 1941 மே மாசம் வேலை நிறுத்தம், அதே வருஷம் டிசம்பர் 8 ஜப்பான்காரன் கோத்தா பாருல எறங்குனான், 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துச்சு, அப்புறம் ஜப்பான்காரன் சயாமுலேருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு போட்ட மரண ரயில் பாதைக்கு தோட்டத்து ஆளுங்கள புடிச்சிட்டு போனது, 1943 ஜூலைல நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது, அக்டோபர் 21 சுதந்திர இந்தியாவோட தற்காலிக அரசாங்கத்த அறிவிச்சது, 1944ல இம்பால் சண்டை. மரவள்ளிக்கிழங்கு தின்னது, சாக்கு துணி கட்டுனது, வாழமரம் போட்ட நோட்டுன்னு வந்தா ஜப்பான்காரன் காலம்னு புரிஞ்சுக்கலாம். சயாம் பேச்சு வந்தா அவசரப்படுத்தாதீங்க. நேதாஜி பட்டாளத்துல சேர்ந்ததே சயாமுக்கு போகாம தப்பிக்கத்தான்னு சில பேரு சொல்வாங்க, அத கேட்டு முகத்த சுளிக்க வேணாம், அதுவும் உண்மைதான், அப்படியே பதிவு பண்ணுங்க.

பாட்டிங்கள தனியா கேளுங்க, ஆம்பளைங்க கூட இருந்தா அவங்க வாய தெறக்க மாட்டாங்க. நேதாஜி பட்டாளத்துல பொம்பளைங்களுக்குன்னு இருந்த ஜான்சி ராணி படையில கேப்டன் லட்சுமி, கோலாலம்பூர் ஜானகி தேவர் பேரெல்லாம் நமக்கு தெரியும், ஆனா அந்த படையில நிறைய பேரு ரப்பர் மரத்துல பால் வெட்டிக்கிட்டு இருந்த தோட்டத்து பிள்ளைங்கதான், அவங்க பேரு அவங்க வீட்டுலதான் கெடைக்கும். "அப்ப என்ன நகை போட்டிருந்தீங்க"ன்னு கேளுங்க, நேதாஜி பட்டாளத்துக்கு கம்மல கழட்டி குடுத்த கதை அங்கேருந்துதான் வரும்.

ரெக்கார்டிங் விஷயம் சுருக்கமா. ஹேன்ட்ஃபோன ஏரோப்ளேன் மோட்ல போட்டு, மடிச்ச துண்டு மேல வச்சு, ஃபேன நிறுத்திட்டு, சாயங்காலம் சீரியல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உக்காருங்க. ரெக்கார்ட் பண்றேன்னு சொல்லி, சரின்னு அவங்க வாயால சொல்ல வச்சு ஆரம்பிங்க. முக்கா மணி நேரம் போதும், மறுநாள் திரும்ப போங்க, ரெண்டாவது நாள்தான் நல்லா பேசுவாங்க. தப்பா சொன்னா திருத்தாதீங்க, வீட்டுக்கு வந்து சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட பழைய பேப்பர் இணையத்துல 1941 மே மாசத்த தேடி பாத்துக்கலாம், அது இலவசம். ஆனா அந்த பேப்பருங்க நிறைய வெள்ளக்காரன் பக்கத்துலேருந்து எழுதுனது, பாட்டி சொல்றதுக்கு பதிலா அத வைக்காதீங்க, பக்கத்துல வைங்க.

ரெக்கார்டிங்க அன்னிக்கு ராத்திரியே ரெண்டு எடத்துல காப்பி பண்ணுங்க. சின்ன பாட்டி கருமாதி வீட்டுல பேசுனத நான் ரெக்கார்ட் பண்ணிட்டு காப்பி எடுக்கல, ஃபோன் தண்ணியில விழுந்துருச்சு, திரும்ப போனப்ப அவங்களுக்கு நெனவு தப்பியிருந்துச்சு. துண்டு கதைய நான் இப்ப ஞாபகத்துலேருந்துதான் எழுதுறேன், அவங்க குரல் என்கிட்ட இல்ல.