திட்டிக்கொள்ளும்போது 'நான்' வேண்டாம், பெயர் சொல்லுங்கள்

தவறு செய்துவிட்டு மனம் உங்களையே திட்டத் தொடங்கினால், அந்த வாக்கியத்தை அப்படியே தாளில் எழுதுங்கள். கீழே, 'நான்' என்பதை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டு, நண்பருக்குச் சொல்வது போலப் பதில் எழுதுங்கள்.

"நான் எதுக்குமே லாயக்கில்லை" என்பது இப்படி மாறும்: "கவிதா, அறிக்கையில ரெண்டு எண் தப்பாப் போச்சு. மதியத்துக்குள்ள திருத்தி அனுப்பிடு." நடந்தது ஒரு வரி, அடுத்த வேலை ஒரு வரி. அவ்வளவு போதும்.

பெயர் சொன்னதும் மனம் சற்றே விலகி நின்று பார்க்கிறது. ஆளைப் பற்றிய தீர்ப்பு செயலைப் பற்றிய பேச்சாகிறது. மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ஈத்தன் க்ராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பேசிக்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது.

பலரும் சறுக்குவது வெற்றுப் புகழ்ச்சியில்தான். "நீ சூப்பர்" என்று எழுதினால் மனம் நம்பாது, உடனே எதிர்வாதம் செய்யும். சின்ன வயதில் அந்தப் பெயரைச் சொல்லியே திட்டு வாங்கியிருந்தால், செல்லப்பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தாலோ, சாகத் தோன்றினாலோ இந்தக் குறிப்பு போதாது. இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐ உடனே அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.