மீளாக்கியை எங்கே வைப்பது? ஏ9 வீதியை முன்வைத்துச் சில தவறுகள்

வரைபடத்தை விரித்து, 80 கிலோமீற்றருக்கு ஒரு மீளாக்கி (தளர்ந்த சமிக்ஞையைப் புதிதாக்கி அனுப்பும் கருவி) என்று புள்ளியிட்டுக்கொண்டே போவதுதான் ஒளியிழை வலையமைப்பைத் திட்டமிடத் தொடங்குவோர் செய்யும் முதல் தவறு. இலங்கையில் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியில், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 65. உடனே கிளிநொச்சியில் ஒரு மீளாக்கி என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே வேண்டியது பெருக்கி மட்டுமே.

எர்பியம் என்ற தனிமம் கலந்த இழைப் பெருக்கி, ஒளியை ஒளியாகவே வலுவூட்டுகிறது. இழையில் ஒரே நேரத்தில் செல்லும் பல அலைநீளங்களுக்கும் ஒரே கருவி போதும். ஆனால் தன் பங்குக்கு இரைச்சலையும் சேர்த்துவிடும். மீளாக்கியோ ஒளியை மின் சமிக்ஞையாக்கி, அதன் வடிவத்தையும் நேரத்தையும் சீர்செய்து, புதிய ஒளியாக அனுப்புகிறது. சேர்ந்த இரைச்சல் அங்கே கழிந்துபோகும். ஆனால் ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தனிக் கருவி வேண்டும். 40 அலைநீளங்களை மீளாக்க 40 தொகுதிகள். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னியில் தேவையில்லாமல் வைக்கும் மீளாக்கிகளின் செலவு, முல்லைத்தீவின் உட்கிராமங்களுக்குப் போகவேண்டிய கிளையின் பணத்தைத் தின்றுவிடும். அதனால்தான் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

மீளாக்கி வேண்டுமா என்பதை முடிவுசெய்வது, பெறுமுனையில் ஒளிக்கும் இரைச்சலுக்கும் எஞ்சியிருக்கும் விகிதம்; தூரம் அதில் ஒரு கூறு மட்டுமே. ஒளியின் வலுவோடு அதன் கட்டத்திலும் தகவலை ஏற்றும் இன்றைய கோகிரண்ட் முறையில் விநாடிக்கு 100 கிகாபிட் சமிக்ஞை, நல்ல இழையில் இடையிடையே பெருக்கிகளுடன் 1000 கிலோமீற்றரையும் தாண்டும். கொழும்பு–யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர்தான். வேகத்தைக் கூட்டி, அடர்த்தியான பண்பேற்றத்துக்கு (ஒளியில் தகவலை ஏற்றும் முறைக்கு) மாறும்போது சமிக்ஞை எட்டும் தூரம் வெகுவாகச் சுருங்கும். அப்போதுதான் மீளாக்கி பற்றிய பேச்சு எழவேண்டும்.

அடுத்தது, தாளில் உள்ள இழையை நம்புவது. 1550 நானோமீற்றர் அலைநீளத்தில் கிலோமீற்றருக்கு 0.2 டெசிபல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) இழப்பு என்பது புதிய இழையின் கணக்கு. வீதி அகலிப்பிலும் வாய்க்கால் வெட்டிலும் அறுந்து ஒட்டிய கம்பியில் அது பொருந்தாது. அறுந்த இடத்தில் புதிய துண்டு வைத்தால் இரண்டு ஒட்டுகள் கூடும். நல்ல ஒட்டு 0.1 டெசிபலுக்குள் அடங்கும், அவசரத்தில் போட்டது அடங்காது. வீதியின் நீளத்தைக் கம்பியின் நீளமாகக் கொள்வதும் பிழை. சுருட்டி விட்ட மிச்சங்களும் கணக்கில் வரவேண்டும். இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் ஒளியைக் கொண்டு இழப்பை அளக்கும் ஓடிடிஆர் கருவியால் ஒரு முனையிலிருந்து மட்டும் அளந்தால், சில ஒட்டுகளில் இழப்புக்குப் பதிலாக ஒளி கூடியதாகவே காட்டும். இரு முனைகளிலிருந்தும் அளந்து சராசரி எடுங்கள். 1310 நானோமீற்றரில் மட்டும் அளப்பவருக்கு இழையின் வளைவுகள் சரியாகத் தெரியாது. 1550, 1625 இரண்டிலும் பார்க்கவேண்டும். மாரி மழை முடிந்தபின் இன்னொரு முறை அளப்பது நல்லது, இணைப்புப் பெட்டிக்குள் நீர் புகுந்திருந்தால் அப்போது தெரியவரும்.

மீளாக்கி வேண்டும் என்றே முடிவானால், ஒவ்வொரு பாதையையும் தனியாக எடுத்து அதன் நடுவில் வைக்காதீர்கள். வவுனியாவில் யாழ்ப்பாண வழியும் மன்னார் வழியும் பிரிகின்றன. அப்படிப்பட்ட சந்தியில் வைத்த தொகுதியைப் பல பாதைகள் பகிர்ந்துகொள்ளலாம். குறைந்த எண்ணிக்கையில் எங்கெங்கே வைப்பது என்பது கணினியியலில் என்பி-கடினம் எனப்படும் வகைச் சிக்கல்; அதாவது, அளவு பெருகும்போது விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் அறியப்படாதது. பெரிய வலையமைப்பில் மிகச் சரியான விடைக்காகக் காத்திருக்க முடியாது. அதிகப் பாதைகளுக்கு உதவும் இடத்தை முதலில் எடுத்து, மீதிக்கு மறுபடி கணக்கிடும் எளிய முறையே நன்றாக வேலை செய்யும்.

மாற்றுவழியை மறப்பதுதான் எனக்குப் பெருந்தவறாகப் படுகிறது. ஏ9 வழிக் கம்பி மாங்குளத்தருகே அறுந்தால், சமிக்ஞை மன்னார், பூநகரி, சங்குப்பிட்டி என்று சுற்றிப்போக நேரும். நேர்வழிக்கு மட்டும் கணக்குப் பார்த்தவரின் சமிக்ஞை அந்த நீளத்தில் இரைச்சலுக்குள் மூழ்கலாம். ஆகவே மிக நீண்ட மாற்றுவழிக்கு முதலில் கணக்குப் போடுங்கள். அங்கே விகிதம் போதாவிட்டால், மீளாக்கி வைப்பதற்கு முன் அந்த வழிக்கு மட்டும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.